சரிங்க என்று அப்பா சொன்னது

மரக்காணம்,
வியாழக்கிழமை

அன்புள்ள மகள் யுவராணிக்கு அம்மா எழுதுவது. கோயம்புத்தூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் தங்கையும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். நான் சொல்லச் சொல்லத் தமிழ்நிலா எழுதுகிறாள். பி.ஏ. முடித்தும் வெளியாள் முன்னால் வாய் திறக்காத உன் தங்கை, பேனா கையில் வந்தால் மட்டும் என்னோடு சண்டைக்கு நிற்கிறாள். நான் ஷாக் அடித்தது என்றால் அவள் மின்சாரம் தாக்கியது என்று எழுதுகிறாள், அதை அடித்துவிட்டு நான் சொன்னபடி எழுது என்று சொல்லியிருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். டூட்டியில் இருக்கும்போது உன் போன் லாக்கரில் கிடக்கிறது, டூட்டி முடிந்து நீ பேசும்போது அப்பா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதோடு ஞாயிற்றுக்கிழமை நீ பேசினது என் மகள் பேசினது மாதிரியே இல்லை. என்னோடு உப்பு அள்ளுகிற சகாயமேரிக்கு இப்படி ஆகிவிட்டதே என்று நான் அழுதுகொண்டு சொல்கிறேன், நீ "உங்க சிரமம் எனக்குப் புரியுதும்மா" என்கிறாய். பிறந்ததிலிருந்து என்னை நீ வா போ என்றுதான் பேசியிருக்கிறாய். யாருக்கோ நம்பர் மாறிப் போய்விட்டதோ என்று போனைத் திருப்பிப் பார்த்தேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், அன்றைக்கு நீ பாதியிலேயே நிறுத்திவிட்டாய். இந்த வருஷம் கௌதமன் தன் உப்பளத்துக்குப் புது மோட்டார் வாங்கினான், உங்கள் கம்பெனி மோட்டார்தான். அப்பாவுக்கு அதில் இருந்த சந்தோஷம் உனக்குத் தெரியாது. காலையில் மோட்டார் போடக் கொட்டகையைத் திறந்ததும் தோளில் கிடக்கிற துண்டால் அதன் மேல் இருக்கிற பெயரைத்தான் முதலில் துடைப்பார். அந்த மோட்டார் ஓடும்போது தண்ணீர்க் குழாயைத் தொட்டால் கை சுரீர் என்றது. கௌதமனிடம் சொன்னார், அவன் "ஏம்பா, புது மோட்டாரு, அதுல இன்னா கோளாறு இருக்கும்" என்று போய்விட்டான். அப்பாவே மோட்டாரில் ஒட்டியிருந்த நம்பருக்குப் பேசினார். ஒரு பெண் தன்மையாகத்தான் பேசியிருக்கிறாள். எர்த் கம்பி உங்கள் பக்கம் போட வேண்டியது, ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, "கம்ப்ளெய்ன்ட்ட க்ளோஸ் பண்ணிடலாங்களா ஐயா" என்று கேட்டிருக்கிறாள். அப்பா "சரிங்க" என்றார். உன் பெயரை அவர் எடுக்கவே இல்லை. பேசி முடித்துவிட்டு எங்களிடம் வந்து "க்ளோஸ் பண்ணிடுறாங்களாம், ஆளு வர்றான், அதுவரைக்கும் யாரும் கொழாயத் தொடாதீங்க" என்றார். யுவராணி, இதை நீ நன்றாக யோசித்துப் பார். நம் வீட்டுக் கதவு செய்த ஆசாரி "நாளைக்கு க்ளோஸ் பண்ணிடுறேன்மா" என்று சொன்னால் என்ன அர்த்தம்? வேலையை முடித்துத் தருகிறேன் என்று அர்த்தம். அப்பா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் வந்த மெசேஜை அவர் திறந்து பார்க்கவும் இல்லை, தங்கையிடம் காட்டவும் இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் ரோட்டில் எந்த வண்டி வந்து நின்றாலும் கம்பெனி ஆள்தான் என்று எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொடாதே என்று எத்தனை நாள் சொல்வது, கத்திரி வெயிலில் உப்புக் கூடையை இறக்கி வைத்தவள் கையில் எரிகிற உப்பைக் கழுவக் குழாயடிக்குத்தானே போவாள். சகாயமேரி போனாள். கத்தக்கூட இல்லை, விறைத்துப்போய் நின்றாள். எங்களோடு கூடை தூக்குகிற சாலம்மாள்தான் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டாள். அப்பா ஓடிப்போய் மெயினை இறக்கினார், அவள் வாய்க்காலில் விழுந்தாள். உயிர் இருக்கிறது, அது போதும். புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், வலது கை விரல்கள் மடங்கினது மடங்கினபடி இருக்கின்றன, பேச்சு குழறுகிறது. நான் போய்ப் பார்த்தபோது "எங்கூட எங்கக்கா, எங்கூட எங்கக்கா" என்று கூடையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது கௌதமன் அப்பா மேல் பழியைப் போட்டுப் பேச்சை மாற்றிவிட்டான். கலியபெருமாள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, கம்பெனியிடம் அவரே பேசி எல்லாம் சரி என்று முடித்துவிட்டார், பொறுப்பு அவர்தான் என்கிறான். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அப்பாவைத் திங்கட்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி என்ன பதில் தருகிறதோ அதை வைத்துத்தான் பார்ப்பார்களாம். அந்தப் பதிலில் கையெழுத்துப் போடப்போவது நீ. வாடிக்கையாளர் சம்மதத்தோடு புகார் முடிக்கப்பட்டது என்று அதில் எழுதச் சொல்கிறார்கள் என்று நீயேதான் சொன்னாய். ரெக்கார்டைப் போட்டுக் கேட்டேன், அப்பா சரின்னு சொல்லிட்டாரும்மா, நான் எழுதலன்னா வேற யாராவது எழுதுவாங்க என்றும் சொன்னாய். களத்தில் சாலம்மாள் "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் உம் பொண்ணு பதில் சொல்லுது, நமக்கு ஒரு பதில் சொல்லாதாடி" என்கிறாள். அப்பாவோ "அது பேர இதுல இழுத்துடாதீங்க" என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார். மகள் அங்கே வேலை செய்கிறாள் என்று ஸ்டேஷனிலும் அவர் சொல்லப்போவதில்லை.

ரெக்கார்டில் அவர் குரலைக் கேட்டாய் அல்லவா, அந்தக் குரலை உனக்குத் தெரியாதா? டாக்டர் உப்பில் இறங்கக் கூடாது என்றார், சரிங்க என்றுவிட்டு மறுநாளே இறங்கினார். நீ பத்தாவது முடித்தபோது கௌதமனுடைய அப்பா வீட்டுக்கே வந்து, பெண்ணையும் உப்புப் பாத்திக்கு அனுப்பு கலியபெருமாளு என்றார். அதற்கும் சரிங்க என்றுதான் சொன்னார். மறுநாள் விடிந்ததும் உன்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தார். எதிரில் பேசுகிறவர் மனம் கோணக் கூடாது என்பதற்குச் சொல்கிற வார்த்தை அது. கும்பிடு போடுவது மாதிரி. அதைச் சம்மதம் என்று உங்கள் ஆபீஸில் வேறு யார் எழுதினாலும் தெரியாமல் எழுதினார்கள் என்று விட்டுவிடலாம். நீ எழுதினால் தெரிந்து எழுதினதாகும்.

அதற்காக அந்தப் போன் பேசின பெண்ணின் தலையில் போட்டுவிட்டு நீ ஒதுங்கிக்கொள்ளாதே. முடிக்கும்போது இப்படிக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நீதான் என்று சூப்பர்வைசர் ஆன புதிதில் எங்களிடம் பெருமையாகச் சொன்னாய். அதிகமாகப் புகார் முடித்த டீம் என்று போர்டில் உன் டீமின் பெயரை எழுதினார்கள் என்றாய், நானும் கேசரி கிண்டித் தெருவுக்கெல்லாம் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கும் எங்கேயோ ஓர் அம்மா இருப்பாள். நடந்ததை மட்டும் எழுது. மோட்டார் ஷாக் அடிக்கிறது என்று கலியபெருமாள் சொன்னார், நாங்கள் ஆள் அனுப்பிப் பார்க்கவில்லை. இவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். வேலை போய்விடுமோ என்று உனக்கு இருக்கிற பயம் எனக்கும் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நீ. இதைச் சொல்லும்போது தமிழ்நிலா எழுதாமல் என் முகத்தையே பார்க்கிறாள். எழுதுடி என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று, நான் செய்த ஒரு காரியம், அது அப்பாவுக்கும் தெரியாது. நேற்றுக் கௌதமன் யாரையோ கூட்டிவந்து ஒரு கம்பியைச் சுற்றிவிட்டு மோட்டாரை ஓடவிட்டான். மழை வருவதற்குள் உப்பு எடுக்க வேண்டுமாம். நாங்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரில்தான் நின்றோம், ஒவ்வொருத்தியும் அடுத்தவள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் நான் தங்கையின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். மெயினை இறக்கிவிட்டு ஃபியூஸைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அரிசி டிரம்மில் கிடக்கிறது. கௌதமன் சாலம்மாள்தான் எடுத்திருப்பாள் என்று அவளை வாய்க்கு வந்தபடி ஏசினான், அவளும் விடவில்லை, "டேய், எனுக்கு எதுக்குடா உன் பீஸு, அத வச்சி கொழம்பா வைக்கப்போறேன்" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கடிதத்தை ஜான்சனிடம் கொடுத்தனுப்புகிறேன். சகாயமேரியின் தம்பிதான், பொழுது சாய்ந்ததும் கோயம்புத்தூருக்கு உப்பு லோடு எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். லோடு இறக்கிவிட்டு நாளைக் காலையில் உன் ஆபீஸ் கேட்டில் வந்து நிற்பான். அவனாக ஒன்றும் கேட்க மாட்டான், நீதான் அவன் அக்காவைப் பற்றிக் கேட்க வேண்டும். வானூரில் உங்கள் சர்வீஸ் ஆள் ஒருவன் இருக்கிறானாமே, நீ ஒரு போன் போட்டால் நாளை மத்தியானத்துக்குள் வந்து மோட்டாரைப் பார்த்துவிடலாம். நாளைக் காலையில் கௌதமன் வந்ததும், சாலம்மாளை விட்டுவிடு, எடுத்தது நான்தான் என்று சொல்லிவிடுவேன். கொடு என்பான், கொடுக்க மாட்டேன். வேறு ஃபியூஸ் வாங்கி வந்தால் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துகொள்வேன், உங்கள் ஆள் வருகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். அவன் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

புத்துப்பட்டு ஐயனார் உன் பக்கத்தில் நிற்கட்டும். நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் நீ என் வயிற்றில் பிறந்தவள், வீட்டுக்கு வர யோசிக்காதே. உன் ஹாஸ்டலில் ஹீட்டர் போட்டிருக்கிறார்கள் என்றாயே, ஈரக் கையோடு அதன் சுவிட்சைத் தொடாதே. கையெழுத்தை மட்டும் நானே போட்டிருக்கிறேன்.

உன் அம்மா
க. அஞ்சம்மாள்