மாதுளை தின்ன பொண்ணு

ஏங்க, போன்ல மக பேச்சை எடுத்தாலே வச்சிடுறீங்க, அதான் கடுதாசி. பாதியில கிழிச்சுப் போட்டுடாம முழுசாப் படிங்க. சாமி புண்ணியத்துல நான் நல்லா இருக்கேன். உங்க இருமல் விட்டுச்சா?

நான் சமைக்கிற வீட்டு டீச்சரம்மா கிரேக்க நாட்டுப் பழைய கதை ஒண்ணு சொன்னாங்க. பாதாளத்து ராஜா ஒரு பொண்ணைத் தூக்கிட்டுப் போயிடுறான். பெத்தவ அழுத அழுகையில பூமியே காஞ்சு போகுது. அங்க ஒரு வாய் தின்னாலும் முழுசாத் திரும்ப முடியாதாம். அந்தப் பொண்ணு மாதுளை முத்து தின்னதால, வருஷத்துல பாதி அங்கேயே இருக்கணுமாம். “பாவி, ஏமாத்தித் தின்ன வச்சிட்டானே”ன்னு நான் மூக்கைச் சிந்தினேன். டீச்சரம்மாகிட்ட படிக்க வர்ற பொண்ணுங்க சிரிக்குதுங்க. “ஆன்ட்டி, அவ தெரிஞ்சேதான் தின்னா. அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?”ன்னாளுங்க. “போங்கடி, பெத்துப் பாருங்க, தெரியும்”னு சண்டை போட்டேன். ஆனா ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது அந்தக் கேள்விதாங்க திரும்பத் திரும்ப வந்துச்சு.

நம்ம மகளை அந்த டிரைவர் கடத்திட்டான்னுதானே நாமளும் ஊரெல்லாம் சொன்னோம்? அவளைக் கேட்கவே இல்லையே. கோவத்தை விட்டுட்டு அவளைக் கூப்பிட்டுப் பேசுங்க. என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்க, அப்படியே அவ நம்பரையும். ஞாயித்துக்கிழமையானா இங்க பேச ஆளில்லைங்க.

அடுப்புல பால் பொங்குது, முடிச்சுக்கிறேன். அட, இப்பத்தான் ஞாபகம் வருது. வீட்டை விட்டுப் போன அன்னிக்கு அவ உங்க பிரஷர் மாத்திரையை ஒரு மாசத்துக்குப் பிரிச்சு டப்பாவுல போட்டு வச்சிருந்ததா நீங்கதானே போன்ல சொன்னீங்க?