பார்க்காத இரண்டாம் பாதி

செவ்வாய், நவம்பர்

லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவின் மரக்கறிக் கடையில் கறிவேப்பிலை நிறுத்துத் தந்தவன், எங்கள் வாரப்பத்திரிகையில் நான் விமர்சனம் எழுதிய நாடகத்தின் கதாநாயகன். "இரண்டாம் பாதி இழுவை" என்று எழுதியிருந்தேன். ஏசப்போகிறான் என்றே நினைத்தேன்.

"அண்ணை, எல்லாரும் சும்மா புகழுவினம். நீங்கள்தான் உள்ளதை எழுதினீங்கள். எந்த இடம் இழுக்குது? சனிக்கிழமை திரும்பப் போடுறம், அதை வெட்டிப்போடுவம்."

"யோசிச்சுச் சொல்லுறன், தம்பி."

எதை யோசிப்பது? இடைவேளையோடு எழும்பி வீட்டுக்குப் போகச் சார்செல் ரயிலைப் பிடித்தவன் நான். விமர்சனம் என்றால் குறை ஒன்றாவது வேண்டுமே என்று எழுதிவிட்டேன்.

முதல் பாதி முடிகையில் மேடையில் யாரோ கதவைத் தட்டினார்கள். தாய் எழுந்தாள். விளக்கு அணைந்தது.

வந்தது யார்? இன்றுதான் இந்தக் கேள்வி வருகிறது. சனிக்கிழமை கடைசிவரை இருந்து பார்க்க வேண்டும். அதற்குள் அவன் அந்தக் கதவு திறக்கும் காட்சியை வெட்டிவிடக் கூடாது.