வாசிகசாலைக்கு ஒரு பெயர்

டோஸ்ட்ருப்
12.09.2009

அன்புள்ள பற்றிமாவுக்கு,

சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போன் எடுத்தால் நீர் மரினாவிடம் கொடுத்துவிடுகிறீர், அதனால்தான் கடிதம். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடிந்து வந்தால் சப்பாத்தைக் கழற்றவும் அலுப்பாக இருக்கிறது.

உம்மைக் கேளாமல் முப்பத்தோராம் நாள் என்று மகன் றொனிஷனுக்குக் கோயிலில் ஆத்தும இளைப்பாற்றிப் பூசை கொடுத்தது பிழைதான். சமாதான காலத்தில் வன்னிக்குப் படிப்பிக்கப் போன பிள்ளை. யுத்தம் முடிந்து ஒரு சேதியும் இல்லை. நான் வேறு என்ன நினைக்க? அதற்காக மூன்று மாதமாக ஸ்கீவவில் மகள் வீட்டிலேயே இருந்துவிடுவதா?

நாங்கள் டென்மார்க்குக்கு அகதியாக வந்த புதிதில் டேனிஷ் படித்த ஸ்கீவ நூலகத்தில்தானே இப்போது துப்புரவு வேலை செய்கிறீர். அதைக் கட்டிய யென்ஸ் ஹோல்ம் அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கில் செம்மறி வளர்த்துப் பணக்காரரானவர். பாலைவனத்தை ஆராய ஆட்களை அனுப்பினார், ஆஸ்பத்திரி கட்டினார், பிறந்த ஊரையும் மறக்கவில்லை. நாங்களும் மன்னாரில் றொனிஷன் பெயரில் ஒரு வாசிகசாலை கட்டுவோம். கல்லில் போட இறந்த திகதி கேட்கிறார் பங்குச் சுவாமி. பூசைக்குச் சொன்ன மே பதினெட்டையே போடட்டுமா?

அன்புடன்,
பஸ்தியாம்பிள்ளை


ஸ்கீவ
21.09.2009

மரினாவின் அப்பாவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பிறஷர் குளிசையை விடாதீர்கள்.

உங்கள் ஹோல்மைப் பற்றி நூலகத்து மாக்கிரட்டிடம் கேட்டேன். அவர் பாலைவனத்துக்கு அனுப்பியவர்களில் ஒரு இளம் நில அளவையாளன் திரும்பி வரவில்லையாம். தேடச் சொல்லி இரண்டு தரம் ஒட்டகங்களோடு ஆள் அனுப்பினார். பிறகு போதும் என்று நிறுத்திவிட்டு, அந்தப் பெடியன் பெயரில் ஒரு மண்டபம் கட்டித் திறந்தார். அந்த நிலத்துச் சனத்துக்குத் தண்ணீர் இருக்கிற இடமெல்லாம் தெரியும். இவருடைய ஆடுகளுக்காகத் துரத்தப்பட்ட சனம். அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பெடியனின் தாய்க்காரி ஹோல்முக்கு எழுதிய கடிதம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மண்டபம் வேண்டாம், இன்னொரு தரம் ஆள் அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாள். மாக்கிரட் அதை வாசிக்க, நான் கூட்டுகிற தும்புத்தடியோடு நின்று அழுதேன்.

செத்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லை. பூசை கொடுத்தீர்கள், இப்போது கல்லும் வைக்கப் போகிறீர்கள். அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

றொனிஷனின் அம்மா


டோஸ்ட்ருப்
30.09.2009

அன்புள்ள பற்றிமாவுக்கு,

சுவாமியிடம் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவசரம் ஏன் என்று கேட்டீர். மாசி மாதம் ஒரு நாள், நீர் வேலைக்குப் போயிருந்த நேரம், றொனிஷன் போன் எடுத்தான். காயப்பட்டவர்களை ஏற்றும் கப்பலில் துணைக்குப் போக ஒரு இடம் இருக்கிறதாம். "அப்பா, வரட்டோ?" என்றான். "படிக்கிற பிள்ளையளை விட்டிட்டு ஓடி வராதை" என்றேன். என் மகன் என்ற பெருமையில் சொன்னேன், பற்றிமா. "ஓம் அப்பா" என்று வைத்துவிட்டான்.

அவன் இறந்துவிட்டான் என்றால் நான் கடவுளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதும். உயிரோடு எங்காவது கிடந்து வதைபடுகிறான் என்று நினைக்க எனக்குப் பலமில்லை. அதுதான் அவசரம்.

பஸ்தியாம்பிள்ளை


ஸ்கீவ
06.10.2009

மரினாவின் அப்பாவுக்கு,

அன்று பின்னேரம் என் போனுக்கும் எடுத்தான். உடனே வா என்று கத்தினேன். "அப்பா நிக்கச் சொன்னவர், அம்மா" என்றான்.

எட்டு மாதமாக எனக்குத் தெரியும். நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் பூசை கொடுத்தீர்கள். அன்றைக்குத்தான் பெட்டி கட்டினேன்.

அவனோடு படிப்பித்த பரமேஸ்வரி ரீச்சர் வவுனியா முகாமில் இருக்கிறாவாம். கடைசி வரை அவனோடு நின்றவவாம். முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருக்கிற ஒரு போனின் நம்பர் கிடைத்திருக்கிறது. மூன்று நாளாக நம்பரை அழுத்துவதும் விடுவதுமாக இருக்கிறேன். தனியக் கேட்க என்னால் ஏலாது.

சனிக்கிழமை ரயிலில் வாருங்கள். நிக்கச் சொன்னவர் நீங்கள், நீங்கள்தான் ரீச்சரிடம் கேட்க வேண்டும். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வர வேண்டாம். அவ சொல்லி முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் இருப்பேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.

பற்றிமா