ரயில் போகும்வரை

ஸ்டாக்ஹோம், 2003

அன்புள்ள அப்பாவுக்கு ஜானட் எழுதுவது. முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை, குளிர்கூடப் பழகிவிட்டது.

எங்கள் மென்பொருளில் கட்டளையைத் தட்டினால் கணினியே இசைக்குறிப்பை எழுதி, வாசித்தும் காட்டும். பாடுபவர்கள் ஓரத்தில் பென்சிலால் கிறுக்குவதற்கெல்லாம் கட்டளை அமைப்பது என் வேலை. நம் மாதா கோயிலுக்குப் பின்னால் துறைமுகத்துக் கூட்ஸ் ரயில் வருமென்று பாடகர் குழுவின் பாட்டுத்தாளில் "ரயிலு போவட்டும், நில்லு" என்று எழுதுவீர்களே, அதைக் கொடுத்துப் பார்த்தேன். எத்தனை தாளம் நிற்க வேண்டும் என்று கணினி கேட்டது. கூட்ஸ் வண்டிக்கு ஏது தாளம்? கணக்கில்லாமல் நிற்க ஒரு கட்டளை செய்தேன்.

நேற்று அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் அதை ஓட்டிக் காட்டினேன். ஒரே வரிக் கட்டளைதான் அப்பா! நம் மாதா பாட்டு அதே இடத்தில் நின்றது. பொத்தானை அமுக்கினால் பாட்டு தொடரும்; கை போகவில்லை.

"என்ன ஆயிற்று?" என்றார் மேலாளர்.

"ரயில் இன்னும் போகவில்லை" என்றேன். சிரித்தார்கள்.

ஞாயிறு பூசைப் பாட்டை கேசட்டில் பதிந்து அனுப்புங்கள். தபால்பெட்டியிலிருந்து கடிதங்களை எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். கூட்ஸ் வந்தால் டேப்பை நிறுத்திவிடாதீர்கள் அப்பா. கடைசிப் பெட்டி போகும்வரை ஓடட்டும்.

உங்கள்
ஜானட்