பரோட்டா அரக்கி

ஜூலை 8, செவ்வாய்

ஆரோக்கிய உணவு விழா நாடகத்தில் எனக்கும் வேடம் கிடைத்துவிட்டது. பரோட்டா அரக்கி. சசிரேகா டீச்சர் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார், என்னிடம் வந்ததும் கண் நின்றுவிட்டது. ரொம்பத் தேடவேண்டிய சிரமம் அவருக்கு இல்லை. சாமை தேவதை ஷெர்லின். ஒல்லியாக இருக்கிறாள் அல்லவா, அதனால் ஆரோக்கியம். கடைசிக் காட்சியில் அவள் குச்சியால் தொட்டதும் நான் விழுந்து சாக வேண்டும்.

ஷெர்லினுக்கு மதியச் சாப்பாடு ஒரு பாக்கெட் சிப்ஸ். மாரமங்கலத்தில் எங்கள் வீட்டில் களியும் கீரையும், இல்லாவிட்டால் சாமைச் சோறு. பரோட்டாவை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் இரண்டு தரம் தின்றிருக்கிறேன். அதற்கே இந்தப் பட்டம்.

ஜூலை 10, வியாழன்

ஒத்திகை. அரக்கி வயிற்றுக்குத் தலையணை கட்டலாமா என்று டீச்சர் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு வேண்டாம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் எதுக்குச் சிரிச்சேன்?

ஜூலை 11

காலையில் சாப்பிடவில்லை. மதியமும்.

ஜூலை 15, செவ்வாய்

டப்பாச் சோறு தினமும் பள்ளிக்கூடத்து நாய்க்கு. என் இடுப்பு அப்படியே இருக்கிறது, நாய்தான் நன்றாகத் தேறிவிட்டது. பஸ் வளைவில் திரும்பும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்கண்ணு, நொம்ப வாடிப் போயிட்டியே" என்றாள் அம்மா. பரீட்சை என்று சொல்லிவைத்தேன். டீச்சரோ, முகம் களையாகிவிட்டது, இப்படியே இரு என்கிறார். மயங்கி விழப்போகிறவளுக்கு ஆரோக்கியப் பாராட்டு! பசி ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

ஜூலை 18, வெள்ளி

விழா. காலையில் அம்மா களி கிண்டினாள், வாசனை தாங்கவில்லை. சாகப்போகிறவள் பட்டினியோடு வேறு சாகவேண்டுமா? இரண்டு உருண்டை தின்றுவிட்டுப் போனேன்.

மேடையில் ஷெர்லின் குச்சியால் தொட்டாள். நின்றேன். மறுபடி தொட்டாள். விழுடி என்று பல்லைக் கடித்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உன்னையத்தான் நான் தெனமும் திங்கறேன். உன் குச்சி பட்டு எதுக்கு உழுவணும்?"

மண்டபமே சிரித்தது. சிறப்பு விருந்தினர் அதையும் நாடகம் என்று நினைத்துக் கை தட்டினார். டீச்சர் திரையை இழுத்துவிட்டார். அதுவரை நான் விழவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

வட்டாரப் போட்டிக்கும் இதே நாடகம். நான் நீக்கப்பட்டேன், வருத்தமில்லை. எட்டாம் வகுப்பு கனகாவை டீச்சர் பிடித்துவிட்டார். அவளும் குண்டு. மதியம் குழாயடியில் டப்பாவைத் திறக்காமல் அழுதுகொண்டிருந்தாள். கையைப் பிடித்து டீச்சரிடம் கூட்டிப்போனேன். முடியாதுங்க டீச்சர் என்று அவளே சொன்னாள்.

அரக்கி இல்லாமல் தேவதை யாரைக் கொல்வாள் என்று டீச்சருக்கு இப்போது ஒரே கவலை.

நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கனகா வீட்டுப் புளிச்சோறு, நல்ல காரம். எனக்குக் கொஞ்சம்தான் கொடுத்தாள். மீதியெல்லாம் அவளே தின்றுவிட்டாள்.