நேராக இரு என்று சொன்ன நாள்

அன்பு மகள் நிருஜாவுக்கு அம்மா எழுதுவது. ஸ்காபரோவில் அப்பாவும் தங்கச்சி மிதுஷாவும் நானும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், பாரிசில் படிக்கும் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைத்தான் நம்பியிருக்கிறேன். அப்பாவுக்கு இப்போது மிசிசாகாவில் வேலை, விடியவே காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். மிதுஷா போன மாதம் பெரியபிள்ளையாகிவிட்டாள். மாமி உடனேயே சடங்குக்கு ஹோல் பார்த்துவிட்டா, உன் சடங்குக்கு எடுத்த அதே வெள்ளைக் குதிரை வண்டியையும் பிடித்துவிட்டா. உன் தபாலட்டையும் அதே கிழமைதான் வந்தது.

அட்டையை முதலில் பிரிட்ஜில் ஒட்டினேன், பிறகு மேசை லாச்சிக்குள் வைத்து மூடிவிட்டேன். வைத்த பிறகும், சமைக்கும்போது அதில் இருப்பவள் என் முதுகுக்குப் பின்னால் இருப்பது போலவே இருக்கிறது. முடியை வெட்டி, கைகளைப் பின்னால் கட்டி, கழுத்தை வெட்டக் கொண்டுபோகும் வழியில் யாரோ பார்த்துப் படமாகக் கீறிய பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத். பின்பக்கம் உன் கோணல் எழுத்தில் ஒரே வரி: "அம்மா, இவவையும் வண்டியிலதான் ஏத்தினவை."

உங்களை வளர்த்துக்கொண்டே நான் வரலாறு படித்தேன், உனக்குத் தெரியும். பிரெஞ்சுப் புரட்சிக்கு வரியும் பாண் விலையும் பஞ்சமும் காரணம் என்று எழுதினேன், இவளுக்கு ஒரு பந்திதான், நல்ல மார்க்ஸ் வாங்கினேன். இவளுக்கும் ஒரு தாய் இருந்தாள் என்று அப்போது தோன்றவே இல்லை. இப்போது நூலகத்தில் எடுத்து வாசிக்கிறேன். பதினாலு வயதில் ஆஸ்திரியாவிலிருந்து கட்டிக்கொடுத்துவிட்டு, அப்படி நட, இப்படி இரு என்று தாய் கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். சனம் மகளை ஆஸ்திரியாக்காரி என்று ஏசி, அரண்மனையிலிருந்து இழுத்துச் சிறையில் போட்டபோது தாய் உயிரோடு இல்லை. வண்டியைப் பார்க்காமல் போய்விட்டாள். நான் பார்த்தேன் மகள்.

ஆறு வருசமாக நான் வாய் திறக்காதது இதுதான். எனக்குச் சாமத்தியச் சடங்கு என்று நடந்தது அகதி முகாமில் ஒரு வாளித் தண்ணீரும் என் மாமி ஒருத்தி கொடுத்த பழைய சீலையும். அதனால் உன்னைக் கிரீடம் வைத்து ராணி மாதிரி வண்டியில் ஏற்ற வேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். மார்க்கம் ரோட்டில் சிவப்பு விளக்கில் வண்டி நிற்க, பக்கத்தில் நின்ற பஸ்ஸில் உன் வகுப்புப் பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்கள். நீ குனிந்து, "அம்மா, என்னை இறக்கி விடுங்கோ" என்றாய். நான் உன் கிரீடத்தைச் சரிசெய்து, "நேரா இரு, வீடியோ ஓடுது" என்றேன். நீ நேராக இருந்தாய். அட்டையில் அவளும் அப்படித்தான் இருக்கிறாள், அதே மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு. உன் சடங்குப் பட அல்பத்தை இப்போது என்னால் திறக்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமியிடம் வண்டி வேண்டாம், ஹோலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உது என்ன கதை, சனம் நாங்கள் நொடிஞ்சு போனமெண்டெல்லே சொல்லும்" என்று சத்தம் போட்டா, இப்போது போன் எடுப்பதில்லை. அப்பா வழக்கம்போல ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிதுஷாவிடம் கேட்டேன், அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. வீட்டில் தண்ணீர் வார்த்தால் போதுமாம், ஆனால் அக்கா வந்து வார்க்க வேணுமாம். உன் கிறிஸ்மஸ் லீவு வரைக்கும் பொறுத்திருக்கிறாளாம்.

வா என்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு முகம் இல்லை, அவள் சொன்னதைச் சொன்னேன். நீ இறக்கச் சொன்னாய், நான் இறக்கவில்லை. என்னை மன்னித்துக்கொள் பிள்ளை. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளையார் உன்னைக் காக்கட்டும். களைத்தால் சாய்ந்து இரு மகள், யாருக்காகவும் நேராக இருக்க வேண்டாம்.

பிந்தி எழுதும்,
உன் அம்மா