முதல் பக்கத்தில் விட்ட இடம்

மார்ச் 3, திங்கள்

அறிவிப்பு எழுத உட்கார்ந்தேன். எங்கள் இசை நிறுவனத்தின் தலைமையகம் பின்பக்கப் படுக்கையறை. மேசை என்று நான் சொல்வது இஸ்திரிப் பலகையை. கட்டிலுக்கு அடியில் இசைத்தட்டுப் பெட்டிகள்.

வரவிருப்பவை: புல்லாங்குழலும் சின்தசைசரும் மட்டும் வைத்துக்கொண்டு, பாசியைப் பற்றி ஒரே பாட்டாக ஒரு முழு ஆல்பம். (கேட்பவர்கள் பாவம். ஆனால் நன்றாக இருக்கிறது.) அப்புறம் எங்கள் சொந்தக் குழுவின் ‘மாடிப்படியில் திமிங்கிலம்’. மேடை நிகழ்ச்சிகள் இரண்டு. ஜூன் 21 இங்கே நூலக அரங்கில், ஜூலையில் வெளியூரில்.

கிட்டார், பாட்டு: என் வீட்டுக்காரர். டிரம்ஸ்: ஏழரை. எல்லாப் பாட்டையும் ஏழரைத் தாளத்துக்கு இழுத்துக்கொண்டு போவதால் அந்தப் பெயர். வந்த வீட்டில் ஏழரையைக் கூட்டிவிட்டுத்தான் போவான் என்பதும் ஒரு காரணம்.

பேஸ் கிட்டார்: —

அந்த வரியை அழித்துவிட்டேன். மூன்று வருஷமாக இவரே கிட்டார் வாசித்துக்கொண்டு, பேஸ் சுரங்களைக் காலால் பெடலில் மிதித்து ஒப்பேற்றுகிறார்.

மார்ச் 5

நடைவழியைப் பெருக்கினேன். ஒரு காலத்தில் இங்கேதான் என் தம்பியின் பேஸ் கிட்டார் பெட்டி கிடக்கும். தினமும் காலையில் என் சுண்டுவிரல் அதில் போய் இடிக்கும். எவ்வளவு திட்டியிருப்பேன்! “அக்கா, அது உன்னைத் தேடி வரல, நீதான் அதைத் தேடிப் போற” என்பான்.

இப்போது அது இல்லை. போன ஆல்பம் செய்த வேலை. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு நிமிஷத்துக்கு மேல் திணித்தால் சத்தம் மெலிந்து போகும். எங்களுக்கு நீளம் மிஞ்சிவிட்டது. தம்பி தனியாக வாசிக்கிற பகுதியை இவர் வெட்டி அனுப்பிவிட்டார். அவனிடம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று கடத்தினார். தட்டு அச்சாகி வந்து, இதே வீட்டில் போட்டுக் கேட்டபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. கத்தவில்லை. ஊசியை மெதுவாகத் தூக்கி வைத்தான், பெட்டியை எடுத்தான், போய்விட்டான்.

என்னோடு பேசுவான். “அங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” என்பான். அந்த ‘எல்லாரும்’ இவர்தான். மாமா என்ற சொல் மட்டும் வாயில் வராது.

மார்ச் 12

புது ஆல்பத்தின் முதல் பக்கத்தை இவர் போட்டுக் காட்டினார். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நேரம் பார்ப்பது என் வேலை. நன்றாகப் போய்க்கொண்டே இருந்தது, நடுவில் எல்லாம் நின்றுவிட்டது. சுத்தமாக ஒன்றும் இல்லை. கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் ஆரம்பித்தது.

“ஏதோ டிராக் விட்டுப்போச்சு,” என்றேன்.

“இல்ல.”

“பக்கம் நீளுது. இந்த வெத்து இடத்தை எடுத்துட்டா சரியாப் போயிடும்.”

“எதை வேணும்னாலும் வெட்டு. அதைத் தொடாதே.”

“சும்மா கிடக்கிற இடத்தை வெட்டினா யாருக்கு என்ன?”

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களை.

மார்ச் 13

பழைய பதிவைத் தேடி எடுத்து, தம்பி வாசித்த பகுதிக்கு நேரம் பார்த்தேன். அதே நீளம்.

நான் ஒரு மக்கு.

மார்ச் 15, சனி

இடம் போதாததால் இவர் தன்னுடைய கிட்டார் பகுதியை வெட்டிவிட்டார். ஏழரைக்கு மூச்சே நின்றுவிட்டது. “கிட்டார்காரன் தன் சோலோவைத் தானே வெட்டறானா? அக்கா, இவருக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாருங்க.”

அவன் போனதும் கேட்டேன். “ஒரு போன் பண்ணி, தப்புதான்டான்னு சொன்னா என்ன?”

“அவன் கேட்டா அவனுக்குப் புரியும்.”

ஒரு போன் போடுவதற்குப் பதிலாக ஒரு ஆல்பம் போடுகிற மனுஷனோடு குடும்பம் நடத்துகிறேன்.

அப்புறம், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “இந்த ரெண்டு நிகழ்ச்சியோட குழுவைக் கலைச்சிடலாம்னு பாக்கறேன். அவன் இல்லாம நாங்க வெறும் சத்தம்தான் போடறோம்.”

இந்தப் பாட்டெல்லாம் பிடிக்கும் என்று நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும்.

மே 9

மாதிரித் தட்டுகள் வந்தன. ஒன்றைத் தம்பிக்கு அனுப்பினேன், கடிதம் எதுவும் வைக்காமல்.

மே 16

“வந்துதா?”

“வந்துச்சு.”

“கேட்டியா?”

“ஊசி தேஞ்சு கிடக்குக்கா. மாத்தணும்.”

பொய். சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லும்போது குரல் ஒரு படி மேலே போகும் அவனுக்கு.

ஜூன் 2

அவனுக்குத் தட்டு அனுப்பியது இவருக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருக்கிறார். ஆனால் போன் அடித்தால் என்னை முந்திக்கொண்டு ஓடுகிறார், யார் என்று பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுகிறார். பாவமாக இருக்கிறது.

ஜூன் 20

நாளைக்கு. தம்பி பெயரில் ஒரு டிக்கெட் வாசலில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அரங்கத்துக்குள் பின்பக்கம் இசைத்தட்டு மேசையில் நான். விளக்கு அணையும்வரை அவன் டிக்கெட்டை யாரும் வாங்க வரவில்லை. சரி, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

திமிங்கிலம் பாட்டு. அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது. முன்வரிசையில் ஒருவர் கை தட்டினார். அவ்வளவுதான், அரங்கமே தட்ட ஆரம்பித்துவிட்டது. ஒருத்தர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மேடையில் இவர் தலையைக் குனிந்தபடி நிற்கிறார். ஏழரை குச்சிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உதட்டால் எண்ணிக்கொண்டிருக்கிறான். ஐயோ, போச்சே, மொத்தமும் போச்சே!

கதவுப் பக்கமிருந்து ஒரு குரல்.

“கை தட்டாதீங்கப்பா! உக்காருங்க! இன்னும் முடியல!”

திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. என் தம்பி தொண்டை.

கை தட்டல் அப்படியே அறுந்தது. யாரோ சிரித்தார்கள். பையைத் தூக்கியவர் அசடு வழிந்துகொண்டு உட்கார்ந்தார். அப்புறம் வந்தது நிஜமான நிசப்தம். அத்தனை பேரும் அந்த இடத்தைக் கேட்டார்கள். ஏழரை குச்சியை இறக்கினான். இவர் நுழைய வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறாத மனுஷன், ஒரு தாள அடி தாமதமாக உள்ளே வந்தார். குனிந்த முகத்தில் சிரிப்பு.

முடிந்ததும் இருவரும் என் மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்.

“மாமா, திரும்ப எடுக்கும்போது லேட்டா வந்தீங்க.”

“ஆமா.” இவர் குரல் கரகரத்தது. “நீ கத்தின, விட்டுட்டேன்.”

“அந்த இடம் ரொம்ப நீளம்.”

“நீ அவ்வளவு நீளமாத்தான்டா வாசிச்ச.”

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “தெரியும் மாமா, விடுங்க,” என்றான் தம்பி. தட்டு வாங்க வந்தவரிடம் நான் வெறும் உறையை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன் போலிருக்கிறது. அவர் திரும்பி வந்து நின்றபோதுதான் என் முகம் ஈரமாக இருப்பதே தெரிந்தது.

“வரேன்க்கா,” என்று தம்பி கிளம்பிவிட்டான். வெளியூர் நிகழ்ச்சியைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ?

ஜூன் 30

போன் இல்லை. இவர் பெடலைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் காபி போடப் போகும்போது நடைவழியில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டேன். உயிர் போகிற வலி. எந்தக் கழுதை இதை நடுவழியில் வைத்தது என்று கத்த வாயைத் திறந்தேன். முன்னறையில் இரண்டு குறட்டைகள் கேட்டன, ஒன்றுக்கொன்று தாளம் சேராமல். வாயை மூடிக்கொண்டு, காலைப் பிடித்தபடி, அந்தப் பெட்டியின் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.